ஊட்டுக்காரர்களின் பல்வலி

எங்கள் ஊர் ஆம்பளைகளுக்குப் பல் வலிப்பது அந்த வருஷம் மாசி மாசத்தோடு நின்றுபோனது. நின்றது அவர்களுக்குத்தான், வலி எங்கேயும் தொலைந்துபோகவில்லை, மூன்று ரயில் மாறி வருகிற விருந்தாளி மாதிரி அத்தனை தூரம் தாண்டி வந்து, வீடு தப்பாமல், பெண்டாட்டிமார் வாய்க்குள் நுழைந்து, அவர்களுக்கு எந்தப் பல்லோ எங்களுக்கும் அதே பல்லில் உட்கார்ந்துகொண்டது.

திருச்செங்கோட்டுப் பக்கத்து ஊர்களைத் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊர் ஆண்கள் முக்கால்வாசிப் பேர் ஊரில் இருப்பதில்லை. போர் போடுகிற ரிக் வண்டி ஒன்று, அதற்குக் குழாயும் டீசலும் அரிசி மூட்டையும் சுமக்கிற லாரி ஒன்று, இரண்டும் சேர்ந்து கிளம்பினால் மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா என்று தண்ணீர் கிடைக்காத மண்ணைத் தேடிப் போய், எட்டு மாசமோ பத்து மாசமோ, வண்டிக்குப் பக்கத்திலேயே சமைத்து வண்டிக்கு அடியிலேயே படுத்துப் பாறையைத் துளைத்துக்கொண்டே இருக்கும். கல் மாவு புகையாகப் பறக்கிற வேலை. தூக்கம் வராமல் இருக்கச் சர்க்கரை தூக்கலாக ஒரு டீ, அதன் மேல் உதட்டுக்குள் ஒரு சிட்டிகைப் பொட்டலப் புகையிலை, அதைத் துப்பிவிட்டு மறுபடியும் டீ. பல் விளக்குவது என்பது வண்டி நின்று, தண்ணீர் வந்து, மனசும் வந்தால். அப்படிப்பட்ட வாயில் சொத்தை விழாமல் வேறு என்ன விழும்.

முதலில் வலி வந்தது சம்பூரணம் அக்காவுக்கு. நூறு நாள் வேலையில் ஏரிக்கரையில் மண் சுமந்துகொண்டிருந்தவர் கூடையைப் போட்டுவிட்டுக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மேல் வரிசை, இடது பக்கம், கடைசிக்கு முந்தினது. அதற்கப்புறம் பதினெட்டு நாள் அவர் பண்ணாத வைத்தியம் கிடையாது. கிராம்பை நசுக்கி வைத்தார், எருக்கம்பாலைத் தொட்டு வைத்து ஈறு வெந்துபோனார், தலைவலி மாத்திரையைப் பொடித்துப் பல்லோரம் அப்பிக் கன்னத்துக்குள் புண்ணாக்கிக்கொண்டார், கண்டங்கத்திரி விதையை நெருப்பில் போட்டு அந்தப் புகையை வாய்க்குள் வாங்கினால் பல் புழு உதிரும் என்று யாரோ சொல்லக் கேட்டு, கம்பளியைத் தலையோடு மூடிக்கொண்டு புகை வாங்கினார். தட்டில் வெள்ளையாக ஏழெட்டு உதிரத்தான் செய்தது. பள்ளிக்கூடம் போகிற அவர் மகள் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "அம்மா, இது புழுவில்லை, விதைக்குள்ள இருக்கற முளை" என்று சொல்லிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

கடைசியில் திருச்செங்கோட்டில் பர்வீன் டாக்டரிடம் போனார். சேலத்துப் பெண், என்னைவிட நாலைந்து வயசு மூத்திருக்கும், பல் டாக்டர் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று தோன்றுகிற சிரிப்பு. விளக்கைப் போட்டு, கண்ணாடியை விட்டு, படமும் எடுத்துப் பார்த்துவிட்டு, "அக்கா, உங்க பல்லு தேங்காய்ப் பத்தையாட்டம் இருக்கு. இதைப் பிடுங்கினா எனக்குச் சோறு இறங்காது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

"கண்ணுல தெரியறதுக்குத்தான் வைத்தியம் பண்ணுவாங்களாட்ட இருக்குது" என்று சம்பூரணம் அக்கா முணுமுணுத்துக்கொண்டே நேராகச் சந்தைக்குப் போனார். அங்கே துணி விரித்துப் பல் பிடுங்குகிற ஆள் ஒருத்தர் உண்டு, அவர் எதையும் படம் எடுப்பதில்லை. கல் மாதிரி இருந்த பல்லைக் காலை முட்டுக் கொடுத்துப் பிடுங்கித் தாளில் மடித்துக் கையில் கொடுத்தார். அக்கா வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் வலி மறுபடியும் வந்துவிட்டது, பல் இருந்த இடத்தில், பல் இல்லாமலேயே.

அன்றைக்குச் சாயந்தரம் நாக்பூர் பக்கத்திலிருந்து அவர் ஊட்டுக்காரர் கூப்பிட்டார். "ரொட்டியைக் கடிச்சேன், பல்லு பாதி ஒடைஞ்சு ரொட்டியோட வந்துருச்சு. உள்ள பூராம் கருப்பு. ஆனா ஒரு துளி வலி இல்லை, பாத்துக்க" என்று பெருமையாகச் சொன்னார்.

"எந்தப் பக்கம்?" என்றார் அக்கா.

"இடது."

"மேலயா கீழயா?"

"மேல. ஏன், நீ வந்து பாக்கப் போறயா?"

அக்கா போனை வைத்துவிட்டுத் தாளைப் பிரித்துத் தன் பல்லைப் பார்த்தார். மறுநாள் பதினோரு மணிக்கு அவர் நாக்பூரில் அந்தப் பல்லை எடுத்துக்கொண்டபோது, இங்கே மண் கூடையைத் தலைக்குத் தூக்கிக்கொண்டிருந்த அக்காவுக்கு வலி சுவிட்சை அணைத்த மாதிரி நின்றது. தாளில் மடித்து வைத்திருந்த தன்னுடைய நல்ல பல்லை அவர் மூன்று நாள் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு முருங்கை மரத்தடியில் புதைத்தார்.

அப்புறம் ஒவ்வொருவராக. முதல் வாரம் அதிசயப்பட்டோம், ரெண்டாவது வாரம் பழகிவிட்டது, மூன்றாவது வாரத்தில் மளிகைக்கடைக்காரர் ஷாம்பு பாக்கெட் மாதிரி கிராம்பையும் சின்னச் சின்னப் பொட்டலமாகச் சரம் கட்டித் தொங்கவிட்டார். ரேஷன் கடை வரிசையில் பாதிப் பேர் கன்னத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு நிற்போம், யாரும் யாரையும் உடம்புக்கு என்ன என்று கேட்பதில்லை, "உங்களவருக்கு எந்தப் பல்லுங்க?" என்றுதான் கேட்பது. பள்ளிக்கூடத்து டீச்சர் கரும்பலகையில் முப்பத்திரண்டு பல்லையும் வரைந்து பேர் சொல்லிக் கொடுக்க, பிள்ளைகள் வீட்டுக்கு வந்து அடுப்புக்கரியால் சுவரில் அப்பாவின் வாயை வரைந்து, அம்மா கையை வைத்த இடத்துக்கு நேராகப் புள்ளி வைத்தார்கள். மாமியார்களுக்குத்தான் மனசு ஆறவில்லை. "பத்து மாசம் சுமந்தவ நான் இங்க குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன், நேத்து வந்தவ வாய்க்கு எப்புடிப் போச்சு?" என்று ஒரு அம்மா வாசலில் நின்று தெருவையே கேட்டார். கல்யாணமாகாத பையன்களின் வலி அம்மாக்களுக்கு வந்தது, ஒரே ஒரு பையனுடைய வலி மட்டும் அம்மாவுக்கு வராமல் தையல்கடை சுமித்ராவுக்கு வந்து, அவள் மிஷினில் இருந்து எழுந்து கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கத்தினதில் விஷயம் வெளியே தெரிந்து, வைகாசியில் கல்யாணமே முடிந்துவிட்டது. அதிலிருந்துதான் ஊருக்குக் கணக்குப் புரிந்தது. யார் மனசில் அந்த ஆள் அதிகமாக இருக்கிறாரோ அவர் வாய்க்கு வலி போகும், உறவு முறையெல்லாம் அதற்குத் தெரியாது.

மலைக்குப் போய்க் கேட்டும் பார்த்தோம். திருச்செங்கோட்டு மலையில் இருக்கிற சாமி பாதி ஆண், பாதி பெண். கும்பிட்டுவிட்டுப் படி இறங்கும்போது சம்பூரணம் அக்கா சொன்னார்: "இவரு நம்ம கதையைக் கேட்டு என்ன பண்ணுவாரு. வலது பக்கம் சொத்தையானா இடது பக்கம் நோவுது, அதோட முடிஞ்சுது அவரு பாடு. ஒரே ஊட்டுல இருக்கறாங்கல்ல." எல்லோரும் சிரித்தோம். பாதிப் பேர் சிரிக்கும்போதே கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

அந்தக் கூட்டத்தில் ரேவதியும் இருந்தாள். கன்னத்தில் மஞ்சள் துண்டு கட்டியிருந்தாள். ரெண்டு மாசமாகக் கட்டியிருந்தாள். ஆனி மாசத்துத் திருவிழாவுக்கு அவள் ஊட்டுக்காரர் வந்தபோது வாயில் ஐந்து பல் அடைத்திருந்தது. "ராத்திரியெல்லாம் வலி தாங்க முடியலைங்க, நானே தேடிப் போயி அடைச்சுக்கிட்டேன்" என்று தேர் நிலையில் நின்று நாலு பேருக்கு நடுவில் வாயைத் திறந்து காட்டினார். யாரும் ரேவதி பக்கம் திரும்பாமல் இருக்கத்தான் பார்த்தோம். அவள் துண்டை அவிழ்த்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "எனக்கு அடுப்புல பால் இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எனக்கு ஆடி பதினெட்டு முடிந்து நாலாம் நாள் வந்தது.

நாங்கள் இருப்பது தோட்டத்து வீடு. நானும் மூன்று வயசு மகள் தன்ஷிகாவும். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஆள் கிடையாது, மயிலும் ரெண்டு மாடும்தான். என் ஊட்டுக்காரர் பூபதிக்கு அப்பா அம்மா இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. அதனால் மற்ற வீடுகளில் நடந்த மாதிரி வலி எங்கே போகும் என்கிற போட்டி இங்கே இல்லை, அவருக்கு நான்தான். கீழ் வரிசை, வலது பக்கம், கடைசிக்கு முந்தினது. காலையில் சாணி எடுத்துக்கொண்டிருக்கும்போது ஒரு ஊசி குத்தின மாதிரி இருந்தது, வாய்க்குள் விரலை விட்டுத் தட்டிப் பார்த்தேன், பல் பல்லாகத்தான் இருந்தது. உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மாட்டைத் தட்டிக்கொடுத்து அதனிடம் சொன்னேன்.

இதை எப்படிச் சொன்னால் புரியும் என்று தெரியவில்லை. அவர் ஒன்பது மாசமாகச் சத்தீஸ்கரில், ஜக்தல்பூரைத் தாண்டி ஏதோ ஒரு காட்டில் இருந்தார், சாயந்தரம் சிக்னல் கிடைத்தால் பத்து நிமிஷம் பேசுவார், கிடைக்காவிட்டால் அதுவும் இல்லை. ஆனால் பல் வந்ததற்கப்புறம் அவர் எப்போது எழுந்தார், எப்போது டீ குடித்தார் என்பதெல்லாம் எனக்குத் தெரிய ஆரம்பித்தது. விடிகாலை ஐந்தே காலுக்குச் சூடாக ஒரு இழுப்பு, அது முதல் டீ. அதில் சர்க்கரை பல்லின் குழிக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டு சுள்ளென்று கடிக்கும், இன்றைக்கு ரெண்டு ஸ்பூன் போட்டிருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். பத்து மணிக்குக் குளிர்ந்த தண்ணீர், காது வரைக்கும் ஒரு வெட்டு. மத்தியானம் வலது பக்கம் மென்றுவிட்டு இடது பக்கம் மாற்றிக்கொள்வார். ரிக் ஓடும்போது வண்டி அதிர்கிற அதிர்வு என் தாடையில் விண் விண்ணென்று ஓடும், ஓட்டம் நின்றால் பாறை முடிந்து தண்ணீர் வந்துவிட்டது என்று அர்த்தம். நான் களை வெட்டிக்கொண்டே, துணி அலசிக்கொண்டே, தன்ஷிகாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு ஆள் ஒரு நாளை வாழ்ந்து முடிப்பதைக் கடைவாயில் வைத்துக்கொண்டு நடந்தேன். கல்யாணமான ஐந்து வருஷத்தில் அவர் என்னோடு அத்தனை நேரம் இருந்தது அந்த ரெண்டு மாசம்தான்.

புரட்டாசியில் வலி மாறிவிட்டது. குத்துவது போய் அடிக்க ஆரம்பித்தது, நெஞ்சு அடிக்கிற கணக்கில் தாடைக்குள் அடித்தது. பர்வீன் டாக்டரிடம் போனேன். என் வாயைப் பார்ப்பதற்கு முன்னால் மடியில் இருந்த தன்ஷிகாவின் மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தார். முன்பல் நாலும் ஓரத்தில் பழுப்பாக இருந்தது.

"புட்டிப்பாலோட தூங்குறாளா?"

"ஆமாங்க. சர்க்கரை போட்டாத்தான் குடிக்கறா."

"ராத்திரி முழுக்க அந்தச் சர்க்கரைப்பால் பல்லுல நிக்குது. புட்டியை நிறுத்துங்க. தூங்கறதுக்கு முன்னாடி பட்டாணி அளவு பேஸ்ட்டு வச்சு நீங்களே விளக்கி விடுங்க. பால்பல்லு விழத்தானே போகுதுன்னு விடாதீங்க, அடுத்த பல்லுக்கு இடம் பிடிச்சு வைக்கறதே அதுதான்." அப்புறம் என்னைப் பார்த்தார். "உங்களது யாருடையது?"

எங்கள் ஊர்ப் பெண்கள் போய்ப் போய் டாக்டரும் அப்படிக் கேட்கப் பழகியிருந்தார். சொன்னேன். குத்தினது, வெட்டினது, இப்போது அடிப்பது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"முதல்ல மேல்தோடு மட்டும் அரிச்சிருக்கு. அப்ப அடைச்சிருந்தா அரைமணி நேர வேலை. ஜில்லுன்னு பட்டா வெட்டினது நரம்புக்குப் பக்கத்துல போனப்ப. இப்ப அடிக்கறது உள்ள சீழ் கட்டினது. அவரை வீடியோவுல கூப்பிடுங்க."

அதிசயமாக உடனே கிடைத்தார். வலது கன்னம் ஒரு கொய்யாக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது.

"என்ன புள்ள, டாக்டர் வீட்டுல இருந்து கூப்புடறே?"

"வாயைத் தொறங்க" என்றேன். ரெண்டு விரல் கனத்துக்கு மேல் திறக்கவில்லை. டாக்டர் போனை வாங்கித் தாடைக்கு அடியில் தொட்டுப் பார்க்கச் சொன்னார், கெட்டியாக இருக்கிறதா, எச்சில் விழுங்க முடிகிறதா, காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்டார்.

"லேசாக் காய்ச்சலுங்க. முழுங்கறப்ப தண்ணி தொண்டையில கொஞ்சம் நிக்குது. ஆனா வலியே இல்லைங்களே டாக்டர். வலிச்சாப் போக மாட்டனா?"

"உங்களுக்கு வலிக்காதுங்க. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. கழுத்துக்குள்ள இறங்கினா மூச்சை அடைச்சிரும்."

"இந்த ஒரு போர் பாயிண்ட்டு முடியட்டுங்க. வலி இல்லாத ஆளு லீவு கேட்டா மேனேஜர் சிரிப்பாரு" என்றார், அவரே சிரித்தார். சிக்னல் போய்விட்டது.

டாக்டர் போனை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "நீங்க என்ன மாத்திரை போட்டாலும் அவருக்குச் சேராதுங்க. அவருக்கு மிஞ்சினா ரெண்டு நாள்னு வச்சுக்கோங்க. அதுக்கு மேல நான் தைரியம் சொல்ல மாட்டேன்."

பஸ்ஸில் வரும்போதே அவரோடு இருக்கிற டிரைவரைக் கூப்பிட்டேன். "ஏனுங்க அண்ணா, கெஞ்சிக் கேக்கறேன், வண்டியில போட்டு இழுத்துட்டுப் போங்க" என்றேன். "அவன் இப்பத்தான் ரெண்டு தட்டு கஞ்சி குடிச்சுட்டு ரிக்குல ஏறி நிக்கறானுங்க. நீங்க பயப்படாதீங்க தங்கச்சி, கொசு கடிச்சிருக்கும்" என்றார். என் தாடை அடித்துக்கொண்டே இருந்தது. மணி அடிக்க வேண்டிய வீட்டில் அடிக்காமல் என் வீட்டில் அடிக்கிறது, அங்கே நெருப்புப் பிடித்தவர் தூங்குகிறார். நான் பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறவரை அது அங்கே அடிக்கப் போவதில்லை என்று எனக்குப் புரிந்தபோது பஸ் எங்கள் நிறுத்தத்தைத் தாண்டிப் போயிருந்தது.

இறங்கித் திரும்பி நடந்து, நேராக ரேவதி வீட்டுக்குப் போனேன். அவள் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு நீ ஒண்ணு சொல்லிக் குடுக்கோணும்" என்றேன்.

"என்கிட்ட என்ன இருக்குது?"

"நெனைக்காம இருக்கறது எப்படின்னு."

தழையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். அடித்துவிடுவாளோ என்று நினைத்தேன். நான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற கோலத்தில் என்ன தெரிந்ததோ, முழுசும் கேட்டாள், கேட்டுவிட்டுக் கட்டில் கால்மாட்டில் உட்கார்ந்தாள்.

"சண்டை போட்டுப் பாக்கலாம்னு நெனைச்சயா?"

"ஆமா. அவரு எனக்குப் பண்ணின கெடுதலையெல்லாம் ஒண்ணொண்ணா..."

"அது ஆவாது. கோவமும் நெனப்புதான். நான் வருஷம் பூராம் கோவமா இருந்தப்ப நெனச்சுக்கிட்டேதான் இருந்தேன். போட்டோவைத் திருப்பி வைக்கறது, போனை அமத்தறது, எல்லாம் நெனப்புதான்." ஆடு அவள் முந்தானையை மென்றது, பிடுங்கிக்கொண்டாள். "பகல்ல ஏதாச்சும் பாத்தா, இதை அவருகிட்டச் சொல்லோணும்னு எடுத்து வெப்பீல்ல?"

"ஆமா."

"அதை எடுத்து வெக்காதே. அவ்வளவுதான். நான் வேணும்னு பண்ணலை. அந்த ஆளு போன்ல உம் உம்னு கேட்டுக்கிட்டே வேற யார்கூடவோ பேசுவாரு. ஒருநாள் மாடு கன்னு போட்டுது, சொல்லோணும்னு தோணலை. அப்புறம் எதுவும் தோணலை. துண்டுதான் கட்டிக்கிட்டுத் திரிஞ்சேன், நீங்கெல்லாம் பாக்கறீங்கன்னு."

நான் எழுந்தேன். வாசல் வரைக்கும் வந்தவள், "நவமணி, அது திருப்பி வருமான்னு எனக்குத் தெரியாது. அதையும் தெரிஞ்சுக்கிட்டுப் பண்ணு" என்றாள்.

மறுநாள் விடிந்தது. ஐந்தே காலுக்குச் சர்க்கரை கடித்தது. நான் எழுந்து மாட்டைக் கறந்தேன், கறவை கால் மாற்றி நின்றது, நின்றுவிட்டுப் போகட்டும். மோட்டார் ஓடவில்லை, பியூஸ் போயிருந்தது, போன வருஷம் நானே கற்றுக்கொண்டது, நானே கம்பி சுற்றிப் போட்டேன், தண்ணீர் வந்தது, வந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன், அது தண்ணீர்தான், யாரிடமும் சொல்ல வேண்டிய தண்ணீர் இல்லை. தன்ஷிகா புட்டி கேட்டு அழுதாள், நான் கொடுக்கவில்லை, முதல் தடவையாகத் தம்ளரில் குடித்தாள். உள்ளே ஏதோ ஒன்று வழக்கம்போலக் கையை நீட்டி அதை எடுக்கப் போனது, விட்டேன், கீழே விழுந்தது. மயில் ஒன்று ஐந்து குஞ்சோடு சோளக்காட்டை விட்டு வரப்பில் ஏறி, குஞ்சில் ஒன்று ஏற முடியாமல் சறுக்கிச் சறுக்கி விழ, தாய் நின்று திரும்பிப் பார்த்து, பிறகு அதுவும் ஏறிவிட்டது. அதையும் விட்டேன். மத்தியானம் நிலக்கடலைக் கொடியைப் பிடுங்கி உதறிக் காய் ஆய்ந்தேன், கூடை நிறைந்தது, இன்னொரு கூடை எடுத்தேன். வீடு அவர் இல்லாமல் அசையாமல் நடந்துகொண்டிருந்தது, அது அப்படித்தான் இத்தனை வருஷமாக நடந்துகொண்டிருந்தது, நான்தான் பார்க்காமல் இருந்திருக்கிறேன். வெயில் சாய்ந்தது. ரெண்டு கடலையை உடைத்து வாயில் போட்டு வலது பக்கம் மென்றேன். மூன்றாவது கடலையை மெல்லும்போதுதான் வலது பக்கம் மெல்கிறேன் என்று தெரிந்தது.

நாக்கால் தொட்டேன். பல். வழவழவென்று, என்னுடைய பல்.

நானும் விட்டுவிட்டால் அந்த வலி போவதற்கு அவரைத் தவிர வேறு இடமில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு பயம் இருந்தது, எந்தப் பெண்டாட்டிக்கும் இருக்கக்கூடியதுதான். ஐந்தரைக்குப் போன் அடித்தது. டிரைவர்தான். "தங்கச்சி, திடீர்னு தரையில உழுந்து பொரண்டு கத்தறானுங்க, தாடையைப் புடிச்சுக்கிட்டு. ரிக்கை நிறுத்திட்டோம், லாரியில போட்டுட்டுப் போய்க்கிட்டு இருக்கறோம்" என்றார். பின்னால் அவர் அலறுவது கேட்டது. என் ஜென்மத்தில் அவர் அழுது நான் கேட்டதில்லை. வேறு யார் வாய்க்கும் போகவில்லை என்று ஒரு கணம் மனசு குளிர்ந்தது, அடுத்த கணம் கடலைக் கொடியின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன், தன்ஷிகா வந்து என் முகத்தைத் துடைத்தாள்.

நூறு கிலோமீட்டர் போயிருக்கிறார்கள். அங்கே கழுத்தோரம் கீறிச் சீழை வடித்து, ஊசி மேல் ஊசி போட்டு, அந்தப் பல்லையும் எடுத்து, ஆறு நாள் வைத்திருந்தார்கள். காலையில் வந்துகொள்ளலாம் என்று விட்டிருந்தால் மூச்சுக்குத் தொண்டையில் ஓட்டை போட வேண்டி வந்திருக்கும், அதற்கும் நேரம் இருந்திருக்காது என்றாராம் அந்த டாக்டர். பர்வீன் டாக்டரிடம் சொன்னபோது அவர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து என் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டார். ஊரும் வந்து கேட்டுக்கொண்டு போனது. தீபாவளிக்கு வந்த ஆம்பளைகளை, வலி இருக்கிறதோ இல்லையோ, வண்டி வைத்துக் கூட்டிக்கொண்டு போய் வாயைத் திறக்க வைத்தார்கள்.

பூபதி தீபாவளிக்கு வரவில்லை, ஆஸ்பத்திரியில் போன நாட்களுக்குச் சேர்த்து அங்கேயே நின்றுவிட்டார். வீக்கம் வடிந்து, தாடியெல்லாம் எடுத்து, ஐப்பசி முடிகிற சமயம் ஒருநாள் வீடியோவில் கூப்பிட்டார். கையில் டீ இருந்தது. பேசிக்கொண்டே ஒரு வாய் குடித்தவர் சட்டென்று கண்ணை மூடி இடது கன்னத்தைப் பிடித்தார்.

"என்னங்க?"

"இந்தப் பக்கமும் ஒண்ணு இருக்குதாம். அடுத்த வாரம் அடைக்கறேன்னு சொல்லியிருக்காங்க. அப்பா, என்ன வலி புள்ள இது. இதையா நீ ரெண்டு மாசம் வெச்சிருந்தே?"

நான் இடது பக்கத்தைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் இன்னொரு வாய் குடித்தார், இன்னொரு தடவை முகம் சுளித்தது. என் வாயில் ஒன்றும் இல்லை. எங்கள் கல்யாணப் போட்டோவை, அவர் சட்டையை, தன்ஷிகா பிறந்த அன்றைக்கு அவர் ஆஸ்பத்திரிப் படியில் நின்ற நிலையை எல்லாம் ஒன்றொன்றாக இழுத்துக்கொண்டு வந்து முன்னால் வைத்தேன். ஒன்றும் இல்லை.

"உனக்கு இப்ப வலி இல்லைல்ல?" என்று கேட்டார்.

"இல்லைங்க."

"நல்லதாப் போச்சு. அப்புறம்?"

இந்த 'அப்புறம்?' அவர் எப்போதும் கேட்பதுதான். அதைக் கேட்டால் போதும், பகல் முழுக்க எடுத்து வைத்ததை நான் கொட்டுவேன், அவர் சிரிப்பார், சிக்னல் போகும். வாயைத் திறந்தேன். உள்ளே தேடினேன். நாள் நடந்துதான் இருந்தது, ஏதேதோ நடந்திருந்தது, எதுவும் எடுத்து வைக்கப்படவில்லை.

"ஒண்ணுமில்லைங்க. ராத்திரி பல்லு வெளக்கறீங்களா?"

"அங்க சொன்னாங்க. சில நாள் மறந்துருது."

"மறக்கக்கூடாது. பொகையிலையை விட்டாச்சா?"

"விட்டாச்சு விட்டாச்சு. அப்புறம்?"

"இருங்க, நானும் பிரஷ் எடுத்துட்டு வர்றேன். சேந்து வெளக்கலாம்."

அன்றைக்கு ஆரம்பித்தது இன்றைக்கும் நடக்கிறது. எட்டு மணிக்குச் சிக்னல் இருக்கிற இடமாகப் பார்த்து நின்று அவர் கூப்பிடுவார், நான் போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைப்பேன், அவர் லாரிப் படியில் வைப்பார், தன்ஷிகாவும் தன் சின்ன பிரஷோடு நடுவில் வந்து நிற்பாள். மேல் வரிசை, கீழ் வரிசை, உள்பக்கம், கடைவாய், நாக்கு. அவர் என்னைப் பார்ப்பார், நான் அவரைப் பார்ப்பேன். ரெண்டு நிமிஷம் போதும், அதற்கு மேல் தேய்த்தால் ஈறு தேய்ந்துபோகும் என்று பர்வீன் டாக்டர் ரெண்டு பேரையும் திட்டுகிறார். தன்ஷிகா முடித்துத் துப்பிவிட்டுத் தூங்கப் போய்விடுகிறாள். நாங்கள் மூன்று நிமிஷம், நாலு நிமிஷம் என்று விளக்கிக்கொண்டே நிற்கிறோம், வாய் நிறைய நுரை இருக்கிறவரை யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.